சூசைநாதனுக்கு விற்காத கார்பைன்

மொன்றியலில் இருபத்திரண்டு வருடங்கள் நான் துவக்கு, அதாவது துப்பாக்கி, விற்றேன். கோயிலிலோ கலியாண வீட்டிலோ யாராவது என்ன வேலை என்று கேட்டால் "விளையாட்டுச் சாமான் கடை" என்று சொல்லிப் பழகிவிட்டது. அது முழுப் பொய்யும் இல்லை. தூண்டில், கூடாரம், பனிச்சப்பாத்து எல்லாம் அந்தக் கடையில் இருந்தன. ஆனால் நான் நின்றது கடையின் பின்பக்கம், துவக்குகள் அடுக்கிய சுவருக்கு முன்னால். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவன் துவக்கு விற்றுத்தான் சோறு தின்கிறான் என்று நாலு பேர் வாய்க்கு அவலாகிவிடுவேனோ என்ற வெட்கம் கடைசிவரை இருந்தது.

ஓய்வு பெற்று ஒரு குளிர்காலம் போய்விட்டது. போன மாதம் கடையிலிருந்து, இப்போது அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கும் பெண் போன் எடுத்தார். "பொழுதுபோக்காகச் சுடுவதற்கு கார்பைன் தேடி வருபவர்களுக்கு எதைக் கொடுப்பது என்று நீங்கள் எப்படித் தீர்மானிப்பீர்கள்? எல்லாரும் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஒரு தாளில் எழுதித் தாருங்கள்" என்றார். எழுதி அனுப்பினேன், ஒன்றரைப் பக்கம். அதில் எழுத முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் அந்தக் கடைக்குக் கூட்டித் துடைக்கத்தான் போனேன். யாழ்ப்பாணத்தில் நான் மணிக்கூடு திருத்தியவன். ஒருநாள் முதலாளி துவக்கொன்றின் சின்னத் திருகாணியைத் தரையில் தவறவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். நான் எடுத்துக் கொடுத்ததோடு நிற்காமல், அவர் பூட்ட முடியாமல் திணறிய இடத்தில் பூட்டியும் விட்டேன். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த கிழமை கூட்டும் தும்புத்தடி போய், ஆணி முறுக்கும் திருப்புளி வந்தது. மூன்று வருடத்தில் பிரெஞ்சும் ஓரளவு வந்து, மேசைக்கு முன்னால் நிற்கும் ஆளாகிவிட்டேன்.

முதலாளியின் பெயர் ரேமோன். உயரமான மனிதர், முழங்கால் பழுது, குரலை உயர்த்தவே மாட்டார். அவருடைய முறை ஒன்று இருந்தது. சுவரிலிருந்து துவக்கை எடுத்ததும் அதைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். பார்த்தால் போதாது, சின்ன விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்தில் நிற்கும் இன்னொருவருக்குக் காட்ட வேண்டும், அவரும் "வெறுமை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன்பின் பச்சைத் துணிமேல், குழல் சுவரைப் பார்க்க, திறந்தபடியே வைக்க வேண்டும். கையில் கொடுக்கக் கூடாது. வாங்க வந்தவர் தானாக எடுக்க வேண்டும். எப்படி எடுக்கிறார் என்பதை ரேமோன் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாளில் நாற்பது தடவை செய்தாலும் நாற்பதாவது தடவையும் விரல் உள்ளே போகும்.

அதைவிட முக்கியமானது அவர் கேட்கும் கேள்விகள். என்ன துவக்கு வேண்டும் என்று அவர் முதலில் கேட்கவே மாட்டார். "யாரோடு சுடப் போகிறீர்கள்?" என்பார். பிறகு எங்கே, எவ்வளவு தூரம், எந்தத் தோள் என்று போகும். லைசென்ஸ் அட்டை சரியாக இருந்தாலும் கேட்பார். ஒரு ஆனி மாதம் கட்டுமஸ்தான ஆள் ஒருவர் வந்து பெரிய வேட்டைத் துவக்கு உடனே வேண்டும் என்றார். மான் வேட்டைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. ரேமோன் மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, "வீட்டில் எல்லாரும் சுகமா?" என்று கேட்டார். அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ரேமோன் அவருக்குக் கோப்பி வார்த்துக் கொடுத்து, அவருடைய தமையனைப் போனில் கூப்பிட்டார். "இன்றைக்கு இல்லை" என்று மட்டும் அவரிடம் சொன்னார். மறுப்பதென்றால் முகத்துக்கு நேரே மறுக்க வேண்டும், சந்தேகம் என்றால் முதலில் அவனையே கேட்க வேண்டும் என்பது ரேமோன் கண்ட சட்டம். நானும் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், இத்தாலியர் என்று ஒருவரையும் விடாமல் கேட்டேன். விவாகரத்தா, வேலை போய்விட்டதா, நித்திரை வருகிறதா என்றெல்லாம் கூச்சமில்லாமல் கேட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கார்பைன் தேடி வருபவர்கள் கூடினார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கார்பைன் என்பது தோளில் வைத்துச் சுடும் துவக்கிலேயே கட்டையானது, நீளம் குறைந்தது. அதிலும் நான் சொல்வது பிஸ்டலுக்குப் போடும் சின்னத் தோட்டாவைச் சுடும் வகை. மான் சுட உதவாது. ஐம்பது மீற்றரில் கடதாசி இலக்கைச் சுட்டுப் பொழுதைப் போக்க அதைப்போல வேறில்லை. தோளில் உதைப்பது குறைவு, தோட்டா சுலபமாகக் கிடைக்கும். அதில் இரண்டு சாதி. ஒன்று மரப்பிடி வைத்தது, ஒவ்வொரு சூட்டுக்கும் கீழேயுள்ள நெம்புகோலைக் கையால் தள்ளி இழுக்க வேண்டும். மற்றது கறுப்புப் பிளாஸ்டிக், தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். கறுப்பிலும் குழல் கட்டையாக இருந்தால் சட்டக் கட்டுப்பாடு கூட, நீளக்குழல் என்றால் சாதாரண லைசென்ஸ் போதும். ஆளுக்குப் பொருந்துமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கண்ணை மூடச் சொல்லி, துவக்கைத் தோளில் வைக்கச் சொல்லி, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்ல வேண்டும். குறி நேரே கண்ணுக்கு முன்னால் இருந்தால் அது அவருடைய துவக்கு. கழுத்தை வளைத்துத் தேடினால் இல்லை.

ஒரு மாசி மாதம், ரேமோன் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்த கிழமையில், சூசைநாதன் வந்தார். என் மேசைக்கு வந்த முதல் தமிழர் அவர்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்கும் வேலை. அந்தச் சீருடையோடேயே வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணை தமிழோ? கடவுளே, நான் பிரெஞ்சிலை என்ன சொல்லிறதெண்டு பஸ்ஸிலை பாடமாக்கிக்கொண்டு வாறன்."

"எந்த இடம்?"

"மன்னார். இஞ்சை நோத்ர-டாம்-த-கிரேஸிலை இருக்கிறன். மனுசி தவறி மூண்டு வருசம். வேலையிலை மார்செல் எண்டொரு பெடியன்... பெடியன் என்ன, என்ரை வயசுதான். சனிக்கிழமையிலை தன்னோடை சுடக் கூட்டிக்கொண்டு போறவன். சும்மா கடதாசிக்குத்தான். அவன்ரை துவக்கிலை எவ்வளவு நாளைக்குச் சுடுறது?"

மரப்பிடிக் கார்பைனை எடுத்தேன். திறந்தேன், விரலை விட்டேன், காட்டினேன், பச்சைத் துணியில் வைத்தேன். சூசைநாதன் எடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழல் ஒரு விரற்கடைகூட ஆளைப் பார்த்துத் திரும்பவில்லை. விசையில் விரல் படவில்லை. நான் பார்த்த பிறகும் தானும் திறந்து பார்த்து, தானும் விரலை விட்டுத் தடவி, அதன்பின்தான் தோளுக்குக் கொண்டுபோனார். வருடக்கணக்காகச் சுடுகிறவர்கள்கூட அப்படி எடுப்பதில்லை. நெம்புகோலை ஒருமுறை தள்ளி இழுத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது வேண்டாம் அண்ணை. அந்தக் கறுப்பைப் பாப்பம்."

கறுப்பை எடுத்தார். கண்ணை மூடித் திறந்தார். குறி கண்ணுக்கு நேரே வந்தது. "இதுதான்" என்று சிரித்தார்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. எந்த ஊர், யார் வீட்டு ஆள், எந்தப் பள்ளிக்கூடம் என்று குடைந்து குடைந்து கேட்போம். ஆனால் ஒரு குறிப்பிட்ட வயதுக்காரரிடம், ஊரில் அந்த வருடங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்க மாட்டோம். சொன்னால் கேட்பது, சொல்லாவிட்டால் விடுவது. கேட்பது அசிங்கம் என்றே வளர்ந்துவிட்டோம். துவக்கை இப்படிப் பிடிக்கும், பட்டாளத்துத் துவக்கின் சாடையில் இருக்கும் கறுப்பைக் கேட்கும், மனைவியை இழந்த மன்னார்க்காரரிடம் "எங்கே பழகினீங்கள்?" என்ற இரண்டு சொல் என் வாயில் வரவில்லை. அவர் ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கத்தில் இருந்தவர் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அது எங்கள் பெயர்களை அதிகாரிகள் இரண்டாம் தரம் வாசித்த காலம். நாளைக்கு ஏதாவது நடந்தால் விற்றவனும் தமிழன் என்று என்னையும் சேர்த்து இழுப்பார்கள் என்று பயம் பிடித்தது.

அவர் பார்த்தது கட்டைக்குழல், அவருடைய லைசென்ஸுக்குரிய நீளக்குழல் வைத்தது வர ஒரு கிழமை ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். அது உண்மை. அவர் தலை மறைந்ததும் லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். பாதுகாப்புக் காரணத்துக்காக யாரும் எடுக்கக்கூடிய இலக்கம் அது. பேரைச் சொன்னேன், அவர் காட்டிய அட்டையின் இலக்கத்தைச் சொன்னேன். இவர் முன்பு ஆயுதப் பயிற்சி பெற்றிருக்கலாம், தனியாள், மனநிலை தெரியாது என்றேன். மறுமுனையில் இருந்த பெண்மணி, "அவரிடம் கேட்டீர்களா?" என்று கேட்டார். கேட்டேன், சரியான பதில் இல்லை என்று சொன்னேன். அது பொய்.

மூன்று கிழமை கழித்து சூசைநாதன் ஒரு கடிதத்தோடு வந்தார்.

"அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. வீட்டுக்கும் ரெண்டு பேர் வந்து விசாரிச்சவங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்டிருக்கிறாங்கள். இப்ப அந்தச் சனம் லிஃப்டிலை என்னோடை ஏறுதில்லை."

வாசித்தேன். ஒருவர் தெரிவித்த கவலையின் பேரில் லைசென்ஸ் நிறுத்திவைக்கப்படுகிறது, விசாரணை முடியும்வரை துவக்கு வாங்கவோ சுடவோ கூடாது. அவ்வளவுதான் அதில் இருந்தது. அதைத் தமிழில் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு தரம் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

"ஆர் அண்ணை இப்பிடிச் செய்திருப்பினம்?"

"தெரியாது" என்றேன்.

"நான் வாங்கப் போறன் எண்டு மார்செலுக்கு மட்டும்தான் தெரியும். லைசென்ஸுக்கு என்னைத் தெரியுமெண்டு கையெழுத்து வைச்சவனும் அவன்தான். உங்களுக்கும் தெரியும்தான், ஆனா நீங்கள் எங்கடை ஆள்." அவர் கடிதத்தை மடித்தார். "வெள்ளைக்காரனை நம்பி வீட்டுக் கதையெல்லாம் சொன்னனான். செல் குண்டு விழுந்தது, அகதிக் காம்பிலை கிடந்தது, எல்லாம் சொன்னனான்."

அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'நான்தான்' என்று சொல்லத் துணிவில்லாவிட்டாலும் 'மார்செலாக இருக்காது' என்றாவது சொல்லியிருக்கலாம். நான் பச்சைத் துணியில் கிடந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ரேமோன் வைகாசியில் ஊன்றுகோலோடு திரும்பி வந்ததும் அவரிடம் சொன்னேன். யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும் போலிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவரிடம் கேட்டாயா?"

"இல்லை."

"எல்லாரிடமும் கேட்பாயே."

"எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்பதில்லை, மிஸ்யூ."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "போய் அவரிடம் சொல்" என்றார். அடுத்த நாள் சொன்னாயா என்று கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார், என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தார். பன்னிரண்டு வருடமாக மத்தியானம் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். அந்த வைகாசியிலிருந்து அவர் தன் அறையில் தனியாகச் சாப்பிட்டார்.

கோடை தொடங்கும்போது பருத்த, சிவந்த முகமுள்ள ஒருவர் அதே விமான நிலையச் சீருடையில் வந்தார். மார்செல் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். துவக்கு பார்க்க வரவில்லை.

"சூசையை உங்களுக்குத் தெரியுமல்லவா? நீங்கள் அவருடைய நாட்டவர். அவர் என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டு அறையில் என்னைக் கண்டால் எழுந்து போகிறார். லைசென்ஸைப் பற்றி மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். நான்தான் செய்தேன் என்று நினைக்கிறார்போல இருக்கிறது. உங்கள் ஆட்களிடம் நான் ஏதாவது தவறாக நடந்துவிட்டேனா? எப்படி மன்னிப்புக் கேட்பது, சொல்லுங்கள்."

நான் தோள்களைக் குலுக்கினேன். இவ்வளவு வருடத்தில் அவர்களிடமிருந்து நான் நன்றாகப் பழகிக்கொண்டது அந்தக் குலுக்கல்தான்.

அவர் சுவரைப் பார்த்தார். "அந்தக் கறுப்புக் கார்பைனை அவருக்கு நான்தான் சொன்னேன். பெட்டி விழுந்து வலது தோள் உடைந்து தகடு வைத்திருக்கிறது. நெம்புகோலைத் தள்ள அவரால் முடியாது. என் துவக்கு உதைத்தால் நாள் முழுக்க வலியில் கிடப்பார், ஆனால் வரமாட்டேன் என்று சொல்ல மாட்டார்." விரலால் அதைக் காட்டினார். "அதை நான் வாங்குகிறேன். என் பெயரில் இருக்கட்டும். கோபம் ஆறி வரும்போது அவர் சுடட்டும்."

சூசைநாதன் ஏன் முகம் சுளித்தார், ஏன் கறுப்பைக் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் படிவத்தை நிரப்பினேன். திறந்தேன், விரலை விட்டேன், காட்டினேன், துணியில் வைத்தேன். மார்செல் எடுத்துக்கொண்டு போனார்.

இலையுதிர் காலத்தில் சூசைநாதன்மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்று லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். கோயில் விழா ஒன்றில் கண்டபோது அவரே சொன்னார். "பேந்தென்ன அண்ணை, எனக்கு உந்தச் சூடு, கீடு ஒண்டும் வேண்டாம்" என்றார். சனிக்கிழமைகளில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "படுக்கிறன்" என்றார். முகம் ஒட்டி உலர்ந்திருந்தது. அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

அடுத்த பங்குனியில் ஒரு பெண்மணி நீளப் பை ஒன்றோடு கடைக்கு வந்தார். மார்செலின் மனைவி. மாரடைப்பு, இரண்டு கிழமைக்கு முன் அடக்கம் முடிந்ததாம். வீட்டில் துவக்கு வைத்திருக்க விருப்பமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பையைத் திறந்தேன். கறுப்புக் கார்பைன். பழக்கத்தில் கை தானாகத் திறந்து விரலை உள்ளே விட்டது. விரல் பிசுபிசுத்தது. தொழிற்சாலையில் பூசி அனுப்பும் எண்ணெய் துடைக்கப்படாமல் அப்படியே இருந்தது. அந்தத் துவக்கு ஒரு தடவைகூடச் சுடப்படவில்லை.

"ஒரு நண்பருக்காக வைத்திருந்தார்" என்றார் அந்தப் பெண்மணி. "அவர் அடக்கத்துக்கு வரவில்லை."

அன்று ரேமோனிடம் அரைநாள் லீவு கேட்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. என் கோட்டை அவரே எடுத்துத் தந்தார்.

சூசைநாதனின் வீடு மூன்றாம் மாடியில். கதவைத் திறந்தவர், "வாங்கோ அண்ணை, என்ன அதிசயம்! இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போன் எடுத்தது, கேட்டதாகப் பொய் சொன்னது, கடிதத்தை வாசித்துவிட்டுத் தெரியாது என்றது. சொல்லி முடித்ததும், ஒரு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியையும் கேட்டேன்.

"துவக்குப் பிடிக்க எங்கை பழகினனீங்கள்?"

அவர் அடுப்பங்கரை மூலையைக் காட்டினார். அங்கே தும்புத்தடி ஒன்று சாத்தியிருந்தது.

"லைசென்ஸ் வகுப்பிலை அந்த மனுசன் சொன்னது எனக்கு அரைவாசி விளங்கேல்லை. சோதினையிலை பிழை விட்டிடுவன் எண்டு பயம். ரெண்டு மாசம் உந்தத் தடியை வைச்சுப் பழகினனான். குழலைத் திருப்பக்கூடாது, விரலை வைக்கக்கூடாது, திறந்து பாக்கோணும், தொட்டுப் பாக்கோணும். மார்செல்தான் கதிரையிலை இருந்து பாத்துப் பாத்துப் பிழை சொல்லுவான். அதுக்கு முதல் நான் துவக்கைத் தொட்டதே இல்லை." என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே அண்ணை."

கார்பைனைப் பற்றிச் சொன்னேன். அது யாருக்காக வாங்கப்பட்டது, எப்படித் திரும்பி வந்தது என்பதை எல்லாம் சொன்னேன். அவர் கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அவனுக்குத் தெரியுமோ? நான் அவனைத்தான் நினைச்சனான் எண்டு?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அந்த மனிதர் இரவில் நித்திரையாவது கொள்வார். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"ஓம். தெரியும்."

"அப்ப ஏன் அவன் வந்து கேக்கேல்லை?"

"கேட்டவர். என்னட்டை வந்து கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

சூசைநாதன் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வாசலில் கழற்றி வைத்த பனிச்சப்பாத்தின் கயிறு என் விரலுக்குள் அகப்பட மறுத்தது. மணிக்கூட்டு ஆணி பூட்டிய கை, ஒரு முடிச்சுப் போட அவ்வளவு நேரம் எடுத்தது. நான் இரண்டு சப்பாத்தையும் கட்டி முடித்து வெளியே போகும்வரை அவர் கதவைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் நின்றார்.